அண்ணன் வீடு என்று சொல்லிவிட்டேன்

ஹோட்டல் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது முறை ஒழுங்காகச் சொன்ன வாய்தான், பத்தாவது முறை அதற்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், தலையில் நீலத்துணி கட்டியவள், பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, எங்கே தங்குகிறீர்கள் பக்சிக் என்று மலாயில் கேட்டாள். வயதானவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நம் ஊரில் மாமா என்கிற மாதிரி. பினாங்கு, ஹோட்டல், சுற்றிப் பார்க்க. இவ்வளவுதான் பாடம். வேன்காரன் தேவன் ஒவ்வொரு மாதமும் சுங்கை பட்டாணியில் வண்டி கிளம்பும்போதே ஒப்பிக்கச் சொல்வான். நானும் ஒப்பிப்பேன். இன்றைக்கு வாயைத் திறந்தால் 'ரூமா அபாங்' என்று வந்தது. அண்ணன் வீடு. சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. புரட்டிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதில் தேவன் ஏதோ ஹோட்டல் பெயரைப் போட்டு வைத்திருப்பான், அது என்ன ஹோட்டல் என்று எனக்கே தெரியாது. பிறகு என் கைகளைப் பார்த்தாள். நெல் அவிக்கிற கொப்பரையில் முப்பது வருஷம் வெந்த கைகள், அங்கங்கே தோல் உரிந்து வெள்ளையாக இருக்கும். இந்தக் கையை வைத்துக்கொண்டு யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வரமாட்டார்கள் என்று நினைத்திருப்பாள், நியாயம்தான். பாஸ்போர்ட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சுவரோரம் கிடந்த இரும்பு நாற்காலி வரிசையைக் காட்டினாள். உட்காருங்கள். அடுத்த ஆள். எனக்குப் பின்னால் நின்றவன் அற்புதராஜ், நாசரேத் பக்கத்துக்காரன், கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பூப்போட்ட சட்டையில் நின்றான், சிரித்தான், முத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் கார் கழுவுகிற கடையில் வேலை செய்கிறவன். செய்யக்கூடாத வேலையைச் செய்கிறவன் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறான், ஒரு வேலையும் செய்யாத நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். காலையில் வரிசையில் நிற்கும்போதே சொன்னான், "பெரியவரே, கொஞ்சம் சிரிங்க. டூரிஸ்ட்டு மாதிரி இல்ல, எழவு வீட்டுக்குத் துட்டி கேக்க வந்த மாதிரி நிக்கிறீய." எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எப்போதுமே எல்லையில் சிரிப்பு வராது.

குளிர்கிறது. இந்தக் கூடத்தில் ஏசியை ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே முழங்கால் வரைக்கும் ஏறுகிற குளிர். தேவன் போடச் சொன்ன சப்பாத்துக்குள் கால்விரல்கள் மரத்துவிட்டன. செருப்போடு போனால் வேலைக்கு வந்தவன் என்று நினைப்பார்கள், "சப்பாத்து போடுங்க அங்கிள், இல்லன்னா சங்கடம்லா" என்பான். அவனுடைய அப்பாவின் பழைய சப்பாத்து. எனக்கு ஒரு விரல் பெரிது. முன்பக்கம் பேப்பரை அடைத்துப் போட்டிருக்கிறேன். குளிர் என்றாலே எனக்கு ஆகாது. இங்கே எல்லாரும் எல்லாவற்றிலும் ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள், தேத்தண்ணியில்கூட. முதல் மாதம் தேவன் பிளாஸ்டிக் பையில் ஐஸ் தேத்தண்ணி கட்டி வாங்கிக் கொடுத்தான். பையின் வெளிப்பக்கம் வேர்த்து என் கால்மேல் சொட்டியது. அப்படியே வைத்துவிட்டேன். ஏன் அங்கிள் என்றான். பல் கூசும் என்றேன். பல் எங்கே இருக்கிறது எனக்கு. அப்பாவை மூன்று நாள் ஐஸில் போட்டு வைத்திருந்தோம், அந்தத் தண்ணீர் கூடத்திலிருந்து வாசல்படி இறங்கி என் காலடியில் வந்தது என்று இவனிடம் சொல்ல முடியுமா. காரைக்குடியிலிருந்து பஸ் மேலே போட்டு வந்த ஐஸ் பாளம். மரத்தூளும் உமியும் கொட்டிச் சாக்கில் சுற்றி வரும். பஸ்ஸிலிருந்து இறக்குவதற்குள் பாதி கரைந்திருக்கும். மாசி மாதம், பகலில் நல்ல வெயில். முதல் நாள் இரண்டு பாளம், இரண்டாம் நாள் நாலு, மூன்றாம் நாள் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னும் எத்தனை நேரம்டா பாக்குறது? ஐஸெல்லாம் தண்ணியாப் போச்சு, அவன் வரமாட்டான்டா" என்றார். நான்தான் பார்க்கலாம் என்றேன். வருவான் என்று நான்தான் சொன்னேன். சட்டைப்பையில் தந்தி இருந்தது. புறப்பட்டு வருகிறேன், பொன்னழகு. தபால்காரரிடம் மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன், எனக்கு அன்றைக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. புறப்பட்டு வருகிறேன் என்றுதான் இருக்கிறதா? ஆமாம்டா, அப்படித்தான் இருக்கு.

புறப்பட்டவன் வரவில்லை. மூத்தவன் தூக்க வேண்டிய கொள்ளிச்சட்டியை இளையவன் நான் தூக்கினேன். எங்கள் பக்கத்தில் அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன். இதை மாற்றிச் செய்தால் ஊர் சும்மா இருக்காது. அண்ணன் உசுரோடு இருக்கையில் தம்பி கொள்ளி வச்ச வீடு என்று எத்தனை வருஷம் பேசினார்கள். தலையை நாவிதரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவனுடைய முடி என் தலையிலிருந்து விழுகிற மாதிரி இருந்தது. அப்போது எனக்கு இருபத்துநாலு. இப்போது அறுபத்தெட்டு. நாற்பத்துநாலு வருஷம் அவனை அண்ணன் என்று நான் சொன்னதில்லை. மலேயாக்காரன் என்பேன். அந்த ஆள் என்பேன். பொண்டாட்டி கேட்டால், அவன் என்பேன். அவள் போகும்வரைக்கும் அவளுக்கும் அவன் 'அவன்'தான். கடுதாசி வந்தது. நீல உறை, ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கட்டம். முதல் கடுதாசி காரியம் முடிந்த பதினைந்தாம் நாள் வந்தது, வாங்கவில்லை. தபால்காரர், "படிச்சுத்தான் பாரேன் சேவுகா, கூடப் பொறந்தவன்தானே" என்றார். நான் திண்ணமாகச் சொன்னேன், திருப்பிவிடுங்கள். அதற்கு ஒரு எழுத்து இருக்கிறதாம், வாங்க மறுத்தார் என்று, அதை எழுதித் திருப்பினார். ஏழு கடுதாசி. ஏழும் கடல் தாண்டி வந்து அப்படியே கடல் தாண்டிப் போயின. எட்டாவது வரவில்லை. எட்டாவது வந்திருந்தால் பிரித்திருப்பேனோ என்னவோ, அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. ஒரு நடை வந்துவிட்டுப் போக முடியாதா ஒருத்தனால்? பெற்ற அப்பனுக்கு? அவன் வேலை பார்த்த கடையில் லீவு கொடுக்கவில்லை என்று சொன்னார்கள், அவனுக்கு அங்கே ஒரு பெண்ணோடு சேர்க்கை என்று சொன்னார்கள், பர்மிட் சிக்கல் என்று சிங்கப்பூர் போய்வந்த ஒருத்தர் சொன்னார். பர்மிட்டா? ஒரு காகிதம். ஒரு காகிதத்துக்காக ஒருத்தன் அப்பன் பிணத்தைத் தண்ணியில் ஊறப்போடுவானா என்று அவரிடம் கேட்டேன்.  அவர் என்னைப் பார்த்த பார்வை மட்டும் ஞாபகம் இருக்கிறது. காகிதம் என்றால் என்னவென்று தெரியாதவனைப் பார்க்கிற பார்வை.

அந்தப் பெண் என் பாஸ்போர்ட்டைத் தொடவில்லை இன்னும். அது மேசை ஓரத்தில் கிடக்கிறது, நீலமாக, மூலை மடங்கி. இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது, அதைவிட்டுக் கண்ணை எடுக்கப் பயமாக இருக்கிறது. என்னுடைய உயிரை எடுத்து மேசையில் வைத்த மாதிரி. ஒன்பது முறையும் நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை. முப்பது நாள் இருக்கலாம் என்கிறார்கள், இருபத்தொன்பதாம் நாள் வெளியே போகிறேன். டானோக்கில், எல்லை தாண்டியதும் வருகிற சியாம்காரன் ஊர், முன்பு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பலாம், இப்போதெல்லாம் ஒரு ராத்திரியாவது தங்கினால்தான் நல்லது என்று தேவன் சொல்கிறான். ஒரு லாட்ஜ், நாலு பேருக்கு ஒரு அறை. நான் வெளியே போவதே இல்லை. பக்கத்து வீட்டு ஜெயமணிக்குப் புளிமிட்டாய் ஒரு பொட்டலம் வாங்குவேன், அவள்தான் நான் இல்லாத அந்த ஒரு நாள் அவனைப் பார்த்துக்கொள்கிறாள். எல்லாம் முறைப்படிதான். முறைப்படி ஒரு ஆள் எத்தனை முறை சுற்றிப் பார்க்க வரலாம்? அதற்கு யாரும் கணக்குச் சொல்வதில்லை. கேட்பவர் முகத்தைப் பொறுத்தது, கேட்கப்படுகிறவன் முகத்தையும் பொறுத்தது. போன தையில் தேனிக்காரர் ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள், அவர் சாமான் பட்டர்வொர்த்தில் ஒரு அறையில் இன்னும் கிடக்கிறது. நீண்ட நாள் தங்க வேறு வழி இருக்கிறதா என்று தேவனோடு போய் ஒரு ஏஜண்டு ஆபீஸில் கேட்டேன். கணவன், மனைவி, பிள்ளை, தாய், தகப்பன். இவர்களில் யாராவது உண்டா என்றாள் அங்கே இருந்த பெண். அண்ணன் என்றான் தேவன், நான் சொல்லவில்லை. அவள் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள், விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டாள். அண்ணன் தம்பிக்குக் கட்டம் இல்லை. எனக்கு அது சரியென்றே பட்டது. நாற்பத்துநாலு வருஷம் நானும் அந்தக் கட்டத்தை அடித்துத்தானே வைத்திருந்தேன்.

நான் பார்த்துக்கொள்ள வரவில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கேட்க வந்தேன். ஜெயமணி போன் பண்ணினாள், எங்கிருந்து நம்பர் பிடித்தாளோ, "உங்க அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்திருச்சு அங்கிள், ஒரு பக்கம் விழுந்திருச்சு, அவரு சம்சாரம் செத்து ஆறு வருசமாச்சு, புள்ள குட்டி இல்ல, ஹோமுக்குத்தான் அனுப்பணும்னு சொல்றாங்க" என்றாள். எனக்கு முதலில் தோன்றியது, செத்துவிடுவானே, கேட்காமல் போய்விடுவேனே என்பதுதான். திருப்பூரில் இருக்கிற மகன் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்து ஏற்றிவிட்டான். "முப்பது நாள்தான்ப்பா, பாத்துட்டு வந்துருங்க" என்றான். பார்த்துவிட்டு இல்லை, கேட்டுவிட்டு. வீட்டுக்குள் போனேன். கட்டிலில் ஒரு கிழவன் படுத்திருந்தான், வாய் ஒரு பக்கம் இழுத்து, அப்பாவின் மூக்கோடு. ஏன்டா வரல என்று வாசலிலேயே கேட்டேன், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. 'ஆங்' என்றான். அந்த ஒரு சத்தம்தான் அவனுக்கு மிச்சம். பசித்தாலும் ஆங், வலித்தாலும் ஆங், என்ன கேட்டாலும் ஆங். நாற்பத்துநாலு வருஷம் சேர்த்து வைத்த கேள்விக்கு ஆங். இன்னொரு முறை கேட்க வாயைத் திறந்தேன். அதே நேரம் அறையில் நாற்றம் அடித்தது, மூன்று நாள் துணி மாற்றவில்லை. யாராவது மாற்றட்டும் என்று நின்றேன். யாரும் இல்லை. சரி, இதை மட்டும் மாற்றிவிட்டுக் கேட்போம் என்று மாற்றினேன். பிறகு குளிப்பாட்டினேன். பத்து மாதம் ஆகிவிட்டது. தினமும் காலையில் சுடுதண்ணி போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, முதுகில் ஊற்றும்போது கேட்பேன். ஏன்டா வரல? ஆங். அதுவும் ஒரு பழக்கமாகிப் போனது, சாமி கும்பிடுகிற மாதிரி. ஜெயமணி ஒரு நாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "ஏன் அங்கிள் டெய்லி அவர வையிறீங்க?" என்றாள். வையவில்லை, கேட்கிறேன் என்றேன். "பதில் சொல்ல முடியாதவருகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தா வையிறதுதான்" என்றாள். இந்த ஊர்ப் பெண்களுக்கு வாய் அதிகம்.

போன வாரம் வரைக்கும் எனக்குத் தெளிவாக இருந்தது. அவன் புறப்படவில்லை. கடையில் உட்கார்ந்துகொண்டே ஆள் விட்டுத் தந்தி கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். அவ்வளவுதான், தெளிவு. ஆஸ்பத்திரி அட்டையைக் காணோம் என்று அலமாரியின் அடித்தட்டில் விரித்திருந்த பேப்பரைத் தூக்கினேன், கீழே அவனுடைய பழைய பாஸ்போர்ட். நம் இந்தியாப் பாஸ்போர்ட்தான், இந்த நாட்டுக் குடிமகன் ஆவதற்கு முன்னால் வைத்திருந்தது. கையால் எழுதியது. போட்டோவில் காதுவரை முடி. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் முத்திரை படிக்க வரும். பத்து மாதத்தில் அதுதான் நான் படித்த படிப்பு. உள்ளே வந்த முத்திரை எது, வெளியே போன முத்திரை எது, நாள் எங்கே, மாதம் எங்கே என்று பார்த்த உடனே சொல்வேன். பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எட்டாம் பக்கத்தில் வெளியே போகிற முத்திரை ஒன்று. பினாங்கு. ஆறாம் தேதி, மார்ச், எண்பத்தொன்று. அப்பா போனது நாலாம் தேதி. முத்திரைமேல் குறுக்கே இரண்டு கோடு, அதன்மேல் இன்னொரு முத்திரை, கேன்சல். அது என்னவென்றும் எனக்குத் தெரியும். மூன்றாவது முறை நாங்கள் வந்தபோது, வெளியே போக முத்திரை குத்திய பிறகு ஒரு ஆள் பயந்துபோய், போகவில்லை, திரும்பிவிடுகிறேன் என்று அதிகாரியிடம் அழுதான். அவனுக்கு இதே மாதிரிதான் போட்டார்கள், குறுக்கே கோடு, மேலே கேன்சல். போகவும் இல்லை, இருந்த மாதிரியும் இல்லை. அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் புறப்பட்டிருக்கிறான். தந்தி பொய்யில்லை. மேசை வரைக்கும் வந்திருக்கிறான், முத்திரை வாங்கியிருக்கிறான், யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், போனால் திரும்ப வர முடியாது, உன் பர்மிட் இன்னும் புதுப்பிக்கவில்லை என்று, அல்லது யாரும் சொல்லாமல் அவனாகவே பயந்திருக்கிறான். திரும்பிவிட்டான். ஏழு கடுதாசியைத் தேடினேன், வீடு முழுக்கத் தேடினேன். இல்லை. எரித்திருப்பான். திருப்பி வந்த கடுதாசியை யார் வைத்திருப்பார்கள். எனக்கு அதிலும் கோபம்தான் வந்தது. வராமலே இருந்தவனைவிட மேசை வரைக்கும் வந்து திரும்பியவன்மேல் கூடுதலாகக் கோபம் வந்தது. இன்னும் நாலு அடிதானே, எடுத்து வைத்திருக்கக் கூடாதா. அந்த வாரம் அவனிடம் நான் கேள்வி கேட்கவில்லை. முதுகில் தண்ணீர் ஊற்றும்போது பேசாமல் ஊற்றினேன். அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைப் பார்த்தான். 'ஆங்' என்றான், நான் கேட்காமலேயே.

போன் அடிக்கிறது. சட்டைப்பையில் அடிக்கிற சத்தத்துக்குக் கூடமே திரும்பிப் பார்க்கிறது. ஜெயமணிதான். "அங்கிள், எங்க இருக்கீங்க? நேத்து மத்தியானம் புடிச்சு கஞ்சி எறங்கல. வாய மூடிக்கிட்டாரு. வாசலயே பாத்துக்கிட்டு இருக்காரு. எப்ப வருவீங்க?" என் கண் மேசையிலிருக்கும் பாஸ்போர்ட்மேலேயே இருக்கிறது. கோடு போடாத முத்திரையும் கிடையாது, கோடு போட்ட முத்திரையும் கிடையாது, வெறுமனே கிடக்கிறது. "கெளம்பிட்டேன்னு சொல்லு" என்றேன். "கெளம்பிட்டீங்களா?" "கெளம்பிட்டேன். சொல்லு அவன்கிட்ட." வைத்துவிட்டேன்.  கிளம்பிவிட்டேன். எங்கே கிளம்பினேன்? இரும்பு நாற்காலியில் அடுத்தவன் சப்பாத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? மேசையில் என் காகிதம் கிடக்கிறது, விடுவார்களா மாட்டார்களா தெரியாது, கஞ்சி குடிக்கச் சொல்லு, பிறகு பார்க்கலாம் என்றா சொல்ல முடியும்? கிளம்பிவிட்டேன் என்பது பொய்யில்லை. சொல்லும்போது அது பொய்யில்லை. திருப்பி அனுப்பினால் பொய்யாகிவிடும், அவ்வளவுதான். அப்போது அவன் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடப்பான், ஜெயமணி இரண்டு நாள் பார்ப்பாள், மூன்றாம் நாள் ஹோமுக்குப் போன் பண்ணுவாள். பண்ணத்தான் வேண்டும், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. தம்பி கிளம்பிட்டேன்னு சொன்னான், வரல என்று அவன் நினைப்பான். நான் இந்த மேசை வரைக்கும் வந்தேன் என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? குளிர் முழங்காலைத் தாண்டி ஏறிவிட்டது. காலுக்குக் கீழே தண்ணீர் வந்த மாதிரி இருந்தது, குனிந்து பார்த்தேன், வெறும் தரைதான், துடைத்து வைத்த பளிங்குத் தரை. பினாங்கில் மேசை முன்னால் நின்ற அன்றைக்கு அவனுக்கு முப்பத்துமூன்று வயது. அவனுக்கு அங்கே யாரும் போன் பண்ணவில்லை. இப்படி ஒரு நாற்காலியாவது போட்டார்களா, நின்றுகொண்டே முடிவெடுத்தானா என்று தெரியவில்லை.

"அடைக்கலம்." கூப்பிடுகிறார்கள். என் பெயர் சேவுகன். அப்பா பெயரைத்தான் இவர்கள் கூப்பிடுவார்கள், பாஸ்போர்ட்டில் அது எந்த இடத்தில் விழுந்திருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு மாதமும் இந்தக் கூடத்தில் என் அப்பா பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன். எழுந்தேன். பக்கத்து அறைக்குள் வரச் சொன்னாள் அந்தப் பெண். மேசை, இரண்டு நாற்காலி. என் பாஸ்போர்ட் திறந்து கிடந்தது, பத்து உள்ளே, ஒன்பது வெளியே, அதற்குமேல் நேற்று வெளியே போனது ஒன்று. என்ன வேலை செய்கிறீர்கள் என்றாள். வேலை இல்லை என்றேன். கையைக் காட்டினாள். நெல், சுடுதண்ணி, இந்தியாவில் என்று எனக்குத் தெரிந்த மலாய் வார்த்தைகளை எடுத்து வைத்தேன். ஹோட்டலா, அண்ணன் வீடா?  தேவனை மாட்டிவிடக் கூடாது. பிறகு பைக்குள் கையைவிட்டுப் பழைய பாஸ்போர்ட்டை எடுத்தேன். ஏன் அதைக் கொண்டு வந்தேன் என்று கேட்டால் தெரியாது. வீட்டில் வைத்துவிட்டு வர மனசில்லை. அவள் அதை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தாள். கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள், என்னை மாதிரியே. பொன்னழகு, தகப்பன் பெயர் அடைக்கலம். என்னுடையதைத் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த அடைக்கலத்தில் ஒரு விரல், அந்த அடைக்கலத்தில் ஒரு விரல் வைத்தாள். நிமிர்ந்து, "பக்சிக், தம்பி?" என்றாள். தம்பி என்று தமிழிலேயே கேட்டாள், இங்கே எல்லாருக்கும் அந்த வார்த்தை தெரியும். அந்த வார்த்தையில் என்னை ஒருத்தர் கேட்டு நாற்பத்துநாலு வருஷம் ஆகிறது. ஆமாம் என்று தலையாட்டினேன். உடம்பில் ஒரு பக்கத்தைத் தடவிக் காட்டி, வாயை இழுத்துக் காட்டி, படுக்கை என்றேன். பிள்ளைகள்? இல்லை. மனைவி? இல்லை. அவள் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். எட்டாம் பக்கத்தில் நின்றாள், கோட்டின்மேல் விரலை ஓட்டினாள். ஏன் போகவில்லை என்று கேட்டாள், எனக்கு அந்தக் கேள்வி மட்டும் மலாயில் நன்றாகவே புரிந்தது. அப்பா செத்துப்போனார் என்றேன். போக வந்தான் என்றேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று பார்த்தேன். "திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று பயம்" என்றேன். என் வாயால், அவனுக்காக. அவள் பழைய பாஸ்போர்ட்டை மூடினாள். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தி, பேனாவால் அதில் எழுதினாள். பதினாலு நாள். முப்பது இல்லை. இது கடைசி என்றாள், ஆஸ்பத்திரிக் கடிதம் வாங்கிக்கொண்டு போய் ஆபீஸில் கேளுங்கள், கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை என்றாள். அடுத்த தடவை ஹோட்டல் என்று எழுதாதீர்கள். இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தாள்.

வெளியே வெயில் முகத்தில் அடித்தது. தேவன் வேனை ஓரம்கட்டி நின்றுகொண்டிருந்தான், முகமெல்லாம் வேர்த்து. "என்ன அங்கிள், ரூமா அபாங்னு சொல்லிட்டீங்களாம்? பத்து மாசம் படிச்ச பாடம் எங்க போச்சு?" அற்புதராஜ் சன்னலிலிருந்து தலையை நீட்டி, "பெரியவருக்குப் பாசம் வந்துட்டுது" என்றான். வாயை மூடு என்றேன். ஏறி உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். அடைத்த பேப்பர் நனைந்திருந்தது, வேர்வைதான். ஜெயமணிக்குப் போன் போட்டேன், போனை அவன் காதில் வை என்றேன். மூச்சுச் சத்தம் கேட்டது. "எல்லை தாண்டிட்டேன்" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "கஞ்சியக் குடிண்ணே" என்றேன். 'ஆங்' என்றான். வண்டி நகர்ந்தது. அவனை நான் மன்னிக்கவில்லை, அது வேறு. மூன்று நாள் தண்ணியில் கிடந்த அப்பாவுக்கு யாராவது கணக்கு வைத்திருக்க வேண்டும், அது நான்தான். பதினாலு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த மேசையில் நான் நிற்பேன், வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அதை இப்போது நினைக்கப் போவதில்லை. நாளைக் காலையில் சுடுதண்ணி போட்டு முதுகில் ஊற்றும்போது வழக்கம்போல ஏன்டா வரல என்று கேட்பேன். கேட்காமல்விட்ட ஒரு வாரமும் அவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான், அதனால் கேட்கத்தான் வேண்டும். பதில் எனக்குத் தெரியும் என்று மட்டும் அவனிடம் சொல்லப்போவதில்லை.